முப்பத்து மூன்றாம் மாடி விருந்தினர்

நியூயார்க்கு மாநகரின் எட்டாம் பெருவழியும் முப்பத்து நான்காம் தெருவும் கூடுமிடத்தில், 43 மாடிகளோடு வானளாவி நிற்கின்றது 'நியூயார்க்கர்' என்னும் விடுதி. 1930ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அது திறக்கப்பட்டபோது, அந்நகரின் புதுமைகளுள் ஒன்றாக விளங்கிற்று. அதில் ஏறத்தாழ 2,500 அறைகள் இருந்தன. தெருவில் இறங்காமலே புகைவண்டி நிலையம் செல்ல நிலத்தடிப் பாதையும் அமைந்திருந்தது. முடிதிருத்தும் கூடத்தில் மட்டும் 42 நாற்காலிகள் இருந்தன எனின், ஏனையவற்றைக் கூறவும் வேண்டுமோ?

இத்தனையும் இயங்குதற்குரிய மின்சாரத்தை அவ்விடுதி தானே ஆக்கிக்கொண்டது. அதன் நிலவறையில் நீராவிப் பொறிகளும் டீசல் பொறிகளும் இரவும் பகலும் உழைத்தன. 2,200 கிலோவாட் ஆற்றல் வாய்ந்த அந்நிலையம், தனியார் மின்னாக்க நிலையங்களுள் அமெரிக்காவிலேயே பெரியது எனப் பெயர் பெற்றது. அது தந்தது நேர்மின்சாரம். அஃதாவது, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மேல்வரும் செய்திக்கு இது வேண்டப்படுவதாகும்.

1934ஆம் ஆண்டில் முதியவர் ஒருவர் அவ்விடுதிக்குக் குடிவந்தார். நெடிது உயர்ந்து மெலிந்த உடல், தூய உடை. முப்பத்து மூன்றாம் மாடியில் 3327, 3328 என்னும் இரண்டு அறைகளை அவர் பெற்றார். மூன்றால் வகுபடும் எண்களில் அவருக்குத் தனி விருப்பம் உண்டு; அவ்விரண்டில் எது வகுபடும் என்பதை மாணவர் கணக்கிட்டு அறியலாம். அவரே நிக்கோலா டெஸ்லா.

நேர்மின்சாரத்தை நெடுந்தொலைவு செலுத்துவது அந்நாளில் அரிதாக இருந்தது. வழியிலேயே பெரும்பகுதி வெப்பமாகி வீணாகும். திசை மாறி மாறி ஓடும் மாறுமின்சாரத்தையோ, அழுத்தத்தை உயர்த்தித் தொலைவிற்கு அனுப்பி, சேருமிடத்தில் தாழ்த்திக்கொள்ளலாம். ஆயின், அதனால் நன்கு சுழலும் பொறி ஒன்று வேண்டியிருந்தது. அதனைப் படைத்தளித்தவர் டெஸ்லா. 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அவருடைய காப்புரிமைகளைப் பெற்றது. 1896இல் நயாகரா அருவியின் ஆற்றல் 20 கல்லுக்கும் அப்பாலுள்ள பபலோ நகருக்குச் சென்று வேலை செய்தது. அத்தகையவர் தம் இறுதிக் காலத்தில், நேர்மின்சார விளக்கின் கீழே அமர்ந்து படிக்க நேர்ந்தது!

டெஸ்லா மணம் புரிந்திலர். சொந்த வீடும் இல்லை. பல ஆண்டுகள் நகரத்தின் பெருவிடுதிகளில் தங்கினார். கடன் தீர்க்க இயலாமல் ஒன்றினின்று மற்றொன்றிற்கு மாறினார். புதிய விடுதியில் அவருடைய வாடகையை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமே செலுத்தியதோடு, திங்கள்தோறும் 125 டாலரும் அளித்தது. கடமையோ, கருணையோ, உலகின் பழிச்சொல்லுக்கு அஞ்சிய அச்சமோ, எதுவாயினும் அம்முதியவருக்கு நிழல் கிடைத்தது.

பாலும் ரொட்டியும் தேனும் காய்ச்சாறுமே அவர் உணவு. நகரத்துப் புறாக்களே அவர் சுற்றம். நாள்தோறும் சென்று அவற்றிற்கு இரை தூவுவார். அடிபட்ட புறாவை அறைக்கே கொணர்ந்து பேணுவார். 1937இல் ஒரு நாள் வாடகைக் கார் மோதி அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. மருத்துவரை அழைக்க அவர் இசையவில்லை. தாம் செல்ல இயலாத நாட்களிலும் புறாக்கள் பசித்திருத்தலாகாது என்று ஏவலாள் வழி இரை அனுப்பினார். 1942இல் யுகோசுலாவியாவின் இளம் மன்னர் இரண்டாம் பீட்டர் அவரை வந்து கண்டார். அதன்பின் அறை மீண்டும் அமைதியுற்றது.

தம் தனிமைக்கு இடையூறு செய்யலாகாது என்னும் அறிவிப்பை டெஸ்லா கதவில் தொங்கவிடுவதுண்டு. விருந்தினரின் விருப்பத்தை மதித்தல் பெருவிடுதியின் சிறந்த பண்பு. அப்பண்பினாலேயே 1943 சனவரியில் அவர் கதவை எவரும் தட்டவில்லை. சனவரி 8ஆம் நாள் பணிப்பெண் ஒருத்தி, அறிவிப்பையும் மீறி உள்ளே சென்றாள். முந்திய இரவே அவர் உயிர் பிரிந்திருந்தது. அப்போது அவருக்கு வயது 86.

1965 நவம்பரில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மின்சாரம் தடைப்பட்டு, நியூயார்க்கு இருளில் மூழ்கியது. அவ்விரவிலும் விடுதியின் நிலவறைப் பொறிகள் நேர்மின்சாரம் தந்துகொண்டே இருந்தன. அதற்குச் சில ஆண்டுகளில் அப்பொறிகள் ஓய்வு பெற்றன; முப்பத்து மூன்றாம் மாடியிலும் மாறுமின்சார விளக்குகள் எரியலாயின.