நடுத்தாள்

மெட்ராஸுக்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே நான் தொலைக்காட்சித் தொடர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குள் தண்டர்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொடரில் வரும் குடும்பத்தின் ஐந்து அண்ணன் தம்பிகள் பெயரும் எனக்கு மனப்பாடம். ஸ்காட், விர்ஜில், ஆலன், கார்டன், ஜான். எல்லாம் மூர் மார்க்கெட்டின் புண்ணியம்.

அப்பாவுக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. சம்பளம் வந்த வாரத்துச் சனிக்கிழமைகளில் என்னையும் அக்காவையும் பெரம்பூரிலிருந்து வரச்சொல்லி, கைப்பிடித்து அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு அழைத்துப்போவார். கூண்டுக் கிளிகள், கிராமபோன் தட்டுகள், யாரோ விற்றுப்போட்ட சுவர்க்கடிகாரங்கள் எல்லாவற்றையும் தாண்டிப் பழைய புத்தகக் கடைகளுக்கு வரவேண்டும். ஒரு கடையின் முன்னால் மட்டும் என் கால் தானாக நிற்கும்.

“இன்னா தம்பி, பொம்ம புக்கா? இப்பத்தான் மூட்டை பிரிச்சேன், வா.”

எட்டணா என்பார். “அட்டையே இல்ல பாய், இதுக்கா எட்டணா?” என்பார் அப்பா. “அட்ட இல்லாட்டி இன்னா சார், உள்ள கலரப் பாருங்க” என்று பாய் பிரித்துக் காட்டுவார். கடைசியில் நாலணாவுக்குப் படியும். வேப்பேரியிலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டு வெளிநாடு போகும்போது எடைக்குப் போட்ட கட்டுகள் அவை என்று பாய் சொல்லித் தெரியும். சீமையிலிருந்த சொந்தக்காரர்கள் தபாலில் அனுப்பிவைத்திருக்க வேண்டும். சில பிரதிகளின் மேல்மூலையில் பென்சிலால் ஒரு வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ எழுதியிருக்கும். அங்கே பத்திரிகைக் கடைக்காரர், எந்த வீட்டுக்கு எந்த இதழ் போடவேண்டும் என்று பையனுக்குத் தெரிவதற்காகக் குறித்துக் கொடுப்பது வழக்கம். அந்தப் பென்சில் எண்ணைத் தடவிப் பார்ப்பேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு தெருவில் இதே தாளை எனக்கு முன்னால் ஒரு பையன் பிரித்திருக்கிறான்!

இதழின் பெயர் டிவி செஞ்சுரி 21. 1965 ஜனவரியில் லண்டனில் தொடங்கியது. ஃபயர்பால் எக்ஸ்எல்5, ஸ்டிங்ரே என்று ஜெரி ஆண்டர்சன் எடுத்த பொம்மலாட்டத் தொடர்களை வைத்துப் பிறந்த வார இதழ். ஆசிரியர் ஆலன் ஃபெனல் அந்தத் தொடர்களுக்கே வசனம் எழுதியவர். ஆரம்ப வருடங்களில் முதல் பக்கம் தினசரிச் செய்தித்தாள் மாதிரியே இருக்கும்: கொட்டை எழுத்தில் தலைப்பு, புகைப்படம், பத்தி பத்தியாகச் செய்தி. தேதியைப் பார்த்தால் 23 ஜனவரி 2065! சரியாக நூறு வருடம் முன்னே போட்டு அச்சடித்திருந்தார்கள். அந்த உலகத்துக்கு ஓர் அரசாங்கம், பெர்முடாவில் யூனிட்டி சிட்டி என்று ஒரு தலைநகர். முதல் பக்கத்துச் செய்தி உள்ளே ஒரு படக்கதையில் விரியும். அதன் எதிரொலி இன்னொரு கதையில் கேட்கும். குழந்தைகளுக்கான பத்திரிகை ஒன்றில் இவ்வளவு அக்கறையாக ஓர் உலகத்தைக் கட்டி எழுப்பியதை இன்றும் வியந்துதான் பார்க்கிறேன். அப்பா தி ஹிந்து படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் 2065-ஆம் வருடத்துச் செய்தியைப் படிப்பேன்.

பின்னட்டையில் டாலெக்குகள். முதல் 104 இதழ்களில் அவை வண்ணத்தில் வந்தன. டாக்டர் ஹூ தொடரில் வரும் வில்லன்கள் அவை. ஆனால் இந்தக் கதையில் டாக்டர் வருவதே இல்லை. தங்க நிறத் தலையோடு ஒரு சக்கரவர்த்தி, அவருடைய படை, அவர்கள் பிடிக்கப்போகும் கிரகங்கள். டாக்டர் யாரென்றே தெரியாமல் வளர்ந்த எனக்கு டாலெக்குகள்தான் கதாநாயகர்கள். பின்னாளில் தொடரைப் பார்த்தபோது அவர்கள் தோற்பதைத் தாங்கிக்கொள்வது கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது.

ஆனால் இதழின் உயிர் நடுத்தாளில் இருந்தது. 1966 ஜனவரியிலிருந்து அங்கே தண்டர்பேர்ட்ஸ். வரைந்தவர் ஃபிராங்க் பெல்லமி. இரண்டு பக்கத்தையும் ஒரே பரப்பாக எடுத்துக்கொள்வார். கட்டங்கள் சதுரமாக இருக்க வேண்டும் என்ற விதியே அவருக்கில்லை. வெடிப்பு நடக்கும் இடத்தில் கட்டத்தின் விளிம்பே மின்னல் மாதிரி உடைந்து நிற்கும். இருட்டைக் கறுப்பாகப் பூசமாட்டார். ஊதாவும் நீலமும் வைத்து, மேலே புள்ளி புள்ளியாக மையிட்டு ஆழம் கொண்டுவருவார். விர்ஜிலின் பச்சை நிற விமானம், தண்டர்பேர்ட் 2, இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு இறங்குகிற படத்தைத் தரையில் விரித்து, நானும் அக்காவும் குப்புறப் படுத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்போம். ஃபயர்பாலை வரைந்த மைக் நோபலும் பெரிய கைதான். ஸ்டிங்ரேயை வரைந்த ரான் எம்பிள்டனின் கடலுக்கடி வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் எனக்கு பெல்லமிதான்.

துயரம் என்னவென்றால், பழைய புத்தகக் கட்டில் முதலில் கழன்று விழுவதும் நடுத்தாள்தான். கடையில் இதழை எடுத்ததும் நடுவைத்தான் பிரிப்பேன். பாதிக்குப் பாதி அங்கே ஒன்றும் இருக்காது. இருப்பவையும் தொடர்ச்சியாகக் கிடைக்காது. ஒரு கதையின் மூன்றாம் வாரம் இருக்கும், ஏழாம் வாரம் இருக்கும், நடுவில் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவள் அக்கா. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தபடி, விட்டுப்போன வாரங்களை அவளே சொல்லுவாள். “அப்புறம் என்னக்கா ஆச்சு?” என்றால் போதும். அவள் கதையில் தண்டர்பேர்ட் 2 எப்படியும் மெரினா மணலில்தான் இறங்கும். பெட்ரோல் தீர்ந்துவிடும், அல்லது மழை பிடித்துக்கொள்ளும். விர்ஜில் இறங்கிவந்து சுண்டல் வாங்குவான். பிறகு அங்கிருந்து புறப்பட்டு, நான் கையில் வைத்திருக்கும் ஏழாம் வாரத்தின் முதல் கட்டத்தில் கச்சிதமாய்ப் போய்ச் சேருவான். எப்படித்தான் அங்கே கொண்டுவந்து முடிப்பாளோ, ஒரு தடவையும் பிசகியதில்லை.

பெரியவனான பிறகு தெரிந்துகொண்ட ஒரு விஷயம் அந்த நாட்களை எனக்கு இன்னும் நெருக்கமாக்கியது. தண்டர்பேர்ட்ஸ் வண்ணத்தில்தான் படமாக்கப்பட்டது. ஆனால் 1965-இல் பிரிட்டனில் வண்ண ஒளிபரப்பே கிடையாது. பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் வண்ணம் வந்தது 1967-இல். தண்டர்பேர்ட்ஸ் வந்த ஐடிவியில் 1969-இல். அங்கத்திய பிள்ளைகளும் அதுவரை கறுப்பு வெள்ளையில்தான் அதைப் பார்த்திருக்கிறார்கள். தண்டர்பேர்ட் 2 பச்சை என்பதையும், தொடரில் வரும் லேடி பெனிலோப்பின் ரோல்ஸ்ராய்ஸ் இளஞ்சிவப்பு என்பதையும் அவர்கள் கண்ணால் பார்த்தது இந்த மாதிரித் தாளில்தான். அந்த மூலையில் பென்சில் எண் எழுதிய வீட்டுப் பையனும் நானும் அந்தப் பச்சையை ஒரே இடத்தில்தான் கண்டிருக்கிறோம்.

தொடரை முழுதாகப் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல், டிவிடியில். மொத்தம் 32 பகுதிகள். மாடல்களை வைத்து அவர்கள் எடுத்த வெடிப்புகளும் வெள்ளங்களும் அபாரம். ஆனால் நூலில் தொங்கும் பொம்மையால் இயல்பாக நடக்க முடியாது. அதனால்தான் அந்தத் தொடரில் யாரும் அதிகம் நடப்பதில்லை. நாற்காலியோடு நகர்கிறார்கள், வண்டியில் போகிறார்கள், சரிந்து இறங்குகிறார்கள். ஒரு பித்தானை அழுத்துவதை அருகில் காட்டவேண்டுமென்றால் நிஜ மனிதக் கையைக் காட்டுவார்கள். பெல்லமிக்கு அந்தக் கட்டு இல்லை. அவர் பொம்மைகளை மனிதர்களாகவே வரைந்தார். ஸ்காட் ஓடினான், தாவினான், வியர்த்தான், பல்லைக் கடித்துக் கயிற்றைப் பிடித்தான். தொலைக்காட்சியைச் சார்ந்த படக்கதை என்றால் அசலின் நிழல் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பெல்லமி 1976-இல் காலமானார். அப்போது எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அந்தக் கையை மட்டும் எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும்.

டிவி செஞ்சுரி 21 பிறகு பெயர் சுருங்கி, பொலிவு குறைந்து, 1971-இல் வேலியண்ட் இதழோடு இணைந்துபோயிற்று. 1972-இல் முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த இரும்புக்கை மாயாவி பிறந்ததும் அதே வேலியண்டில்தான். எழுபதுகளின் பிற்பாதியில் பாயின் மூட்டைகளில் வேறொன்று வரத் தொடங்கியது: லுக்-இன். அதே ஃபெனலை ஆசிரியராகக் கொண்டு 1971-இல் தொடங்கிய ஐடிவியின் சிறுவர் இதழ். அர்னால்டோ புட்சு என்ற இத்தாலிய சினிமா போஸ்டர் ஓவியர் தீட்டிய அட்டைகள் நம் மவுண்ட் ரோடு கட்-அவுட் போலப் பளிச்சென்று இருக்கும். உள்ளே பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஆங்கஸ் ஆலன் என்ற ஒரே மனிதர். வாரா வாரம், வருடக்கணக்காக! இரண்டு பக்கத்துக்குள் ஒரு திருப்பம், ஒரு ஆபத்து, ஒரு தொடரும். அந்த உழைப்புக்குரிய மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை. அந்த இதழில் கிரனாடா, ஆங்கிலியா, யார்க்‌ஷயர் என்று வட்டாரம் வட்டாரமாக நிகழ்ச்சி நேரங்கள் போட்டிருக்கும். அதையும் விடாமல் படிப்பேன். வீட்டில் டிவியே கிடையாது. யார்க்‌ஷயரில் நாலரை மணிக்கு என்ன என்று மட்டும் தெரியும்.

1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்தக் கடைகளை நம்பியிருந்தவர்கள் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். நான் அங்கே போய்த் தேடியும் பாயைப் பார்க்க முடியவில்லை.

இப்போது இதழ்கள் தபாலில் வருகின்றன, இங்கிலாந்தில் விற்பவர்களிடமிருந்து. கூப்பன் வெட்டாமல், இலவசப் பொருளும் கூடவே இருந்தால் விலை எங்கோ போய்விடும். கூப்பன் வெட்டிய பிரதியை மட்டம் என்று குறைத்துத் தருகிறார்கள். நான் விரும்பி வாங்குவது அவற்றைத்தான். கத்தரிக்கோல் கொஞ்சம் கோணிப்போன அந்த ஓட்டையில் ஒரு பிள்ளையின் அவசரம் இருக்கிறது. வந்ததும் உறையிலிட்டு, வெளிச்சம் படாத பெட்டியில் வைத்துவிடுகிறேன். சென்னை ஈரக்காற்றுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அறுபதுகளின் தாள் என்றால் விருந்து. அம்மா சொல்லிக்கொடுத்த வசம்புத் துண்டு பெட்டிக்கு ஒன்று உண்டு.

போன மாதம் ஒரு கட்டு வந்தது. அதில் ஒரு நடுத்தாள், நாங்கள் மாடியில் படுத்துப் பேசிய கதை ஒன்றின் விட்டுப்போன வாரம். கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் போட்டு, கட்டம் கட்டமாகப் படித்துச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“மெரினாவுல இறங்கலையாடா?”

“இல்லக்கா.”

“அப்போ அது வேற கதை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, அதுக்கு அடுத்த வாரம் உங்கிட்ட இருக்கா?” என்று கேட்டாள்.

இருக்கிறது. அதற்கும் அடுத்ததுதான் இல்லை. எழுதிக் கேட்டிருக்கிறேன்.