கல்லென்று எறிந்த பாசி

திருவண்ணாமலையிற் பிறந்த எமக்குக் கல் புதிய பொருளன்று. தீயே குளிர்ந்து மலையாயிற்றென்னும் தலபுராணத்தைக் கேட்டும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலால் நடந்தும் வளர்ந்தோம். ஆதலின், கல்லைக் கண்டறியப் பிறர் துணை வேண்டா என்னும் செருக்கு எம்பால் இருந்தது. அது மண்டபம் கடற்கரையில் அழிந்தது.

தாவரநூல் மாணவராய் அங்குச் சென்றபோது, அலை ஒதுக்கிய இளஞ்சிவப்புக் கட்டியொன்றைக் கல்லென்று வீசியெறிந்தோம். எம் ஆசிரியர் அதனை எடுத்து, சிறு துண்டொன்றை நீர்த்த அமிலத்தில் இட்டார். நுரை பொங்கிச் சுண்ணாம்பு கரைந்தது. மெல்லிய உயிரணுத் திரள் எஞ்சியது. "இது செம்பாசி வகை" என்றார். இத்தகைய மயக்கம் பெரியோர்க்கும் நேர்ந்ததே. கொரல்லைனா என்னும் சுண்ணாம்புச் செம்பாசியை லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் விலங்குகளோடு வைத்தார். கல்லையொத்த வகைகளும் தாவரமே என்று பிலிப்பி 1837-ஆம் ஆண்டில் நிறுவினார்.

கல்லூரிக்கு மீண்டதும், புறவடிவம் ஒன்றையே நோக்கி அதற்கொரு பெயர் தெரிந்து சீட்டெழுதி ஒட்டினோம். அலையும் ஒளியும் மாறின் ஓரினமே தட்டையாகவும் முண்டுமுண்டாகவும் வளருமென்பதை அறிந்திலோம். ஆசிரியர் பணித்தபடி மெல்லிய சீவல் எடுத்து நுண்பெருக்கியில் நோக்கியபோதே உண்மை விளங்கிற்று. நால்வித்திகளை ஈனும் சிற்றறையின் கூரையில் துளை ஒன்றா, பலவா என்பது பெரும் பிரிவினையே வேறாக்கும் அடையாளம். யாம் எழுதிய பெயருக்குத் துளை ஒன்று வேண்டும், அங்கிருந்தனவோ பல.

வெட்கமுற்றுச் சீட்டைக் கிழிக்கப் புகுந்தோம். ஆசிரியர் தடுத்து, "கிழிக்க வேண்டா, ஒரு கோடிட்டுச் சரியானதைக் கீழே தேதியுடன் எழுதுக. கட்டியையும் எறிந்துவிடாதீர்" என்றார்.

அச்சொல்லின் அருமை பின்னரே புலனாயிற்று. உடற்கூற்றிலும் ஒன்றுபோற் தோன்றும் பாசிகள் வெவ்வேறினங்களாதலை இன்று மரபணு காட்டுகின்றது. ஆயினும் அவற்றுள் பழைய பெயர்க்குரியது எது என்பதை, அப்பெயர் முதன்முதல் இடப்பெற்ற மாதிரியே தீர்க்கவல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உலர்ந்த மாதிரிகளினின்றும் ஒரு துணுக்கெடுத்து மரபணுவைப் படித்துள்ளனர். பல துளையுடைய வகையினர்க்கு ஹபாலிடியேல்ஸ் என்னும் தனி வரிசையும் 2015-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

இப்பாசிகள் பவளத்திட்டுகளைப் பிணைக்கும் காரை போல்வன. கடல்நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் எளிதில் நைவன. எவ்வினம் எங்குளதென்று அறியாதார் எதனைக் காப்பர்?

மாணவ நண்பர்காள், நும் பிழைகளைத் திருத்துக, அழித்துவிடற்க. எம் சீட்டில் கோட்டின் கீழும் அத்தவறான பெயரை எவரும் படிக்கலாம். இப்போது அதற்கு யாம் நாணுவதில்லை.