தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர்

இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோவிலில் மூலவர் பரதன். ராமனுக்குத் தெருவுக்குத் தெரு கோவில் இருக்க, தம்பிக்கு இப்படி ஒன்று இருப்பதே எனக்குப் புதிய செய்தி. உபதெய்வங்கள் கிடையாது, பிள்ளையாருக்குக்கூடத் தனிச் சந்நிதி இல்லை. தாமரை மாலை சாத்துவது விசேஷ வழிபாடு. திருச்சூர் பூரம் முடிந்த கையோடு இங்கே பத்து நாள் உற்சவம் தொடங்கும். இரவானால் கதகளி.

"ஆட்டத்தை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். நீங்கள் வேஷம் போடும் அணியறைக்கு வாருங்கள்" என்று திருச்சூர் நண்பர் சாயங்காலமே இழுத்துக்கொண்டு போனார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

நளன் வேஷக்காரர் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். முகத்துக்குப் பச்சை பூசுவது நடிகரின் சொந்த வேலை. மனயோலை என்ற நிறப்பொருளோடு நீலம் சேர்த்து எண்ணெய் விட்டு அரைப்பார்களாம். அந்தப் பக்குவம் எனக்குப் பிடிபடவில்லை, விடுங்கள். தலைமாட்டில் சம்மணமிட்டு, முகத்தின் வெள்ளைக்கரையான சுட்டியைக் கட்டும் சுட்டிக்காரரை விட்டு என் கண் நகரவில்லை. அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்த விழுதை ஈர்க்குச்சியால் தொட்டு, காதோரத்திலிருந்து தாடை வழியாக வெள்ளை வரப்பு கட்டிக்கொண்டு வந்தார். நளன் குறட்டை விட்டார். தாடை அசைந்ததும் குச்சி அந்தரத்தில் நின்றது; மூச்சு சீரானதும் மறுபடி இறங்கியது. பிறை வடிவில் கத்தரித்த காகிதத்தை அந்த ஈர வரப்பில் ஒட்டினார். காகிதம் வருவதற்கு முன்னால் எல்லாமே மாவுதானாம், அடுக்கு மேல் அடுக்காக. இப்போதும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது.

சுண்ணாம்பு பட்டுப் பட்டு அவருடைய கட்டைவிரல் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"ஆசானே, நீங்கள் வேஷம் கட்டியதில்லையா?"

"வேஷம் படிக்கத்தான் கலாமண்டலத்துக்குப் போனேன் சார். முகம் சிறிசு என்று சொல்லிவிட்டார்கள். சுட்டிக்கு அனுப்பினார்கள்."

வள்ளத்தோள் 1930-இல் தொடங்கிய கலாமண்டலத்தில் சுட்டிக்குத் தனிப் படிப்பே இருக்கிறது. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கன்னத்துச் சதை துடிப்பதும் உதடு கோணுவதும் தூரத்தில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டுமென்றால் இந்த வெள்ளைக்கரை வேண்டும். நாயகர்களின் பச்சை வேஷத்துக்கும் ராவணன் போன்றவர்களின் கத்தி வேஷத்துக்கும் இது இல்லாமல் முடியாது. ஆனால் நோட்டீஸைப் பாருங்கள்: வேஷம், பாட்டு, செண்டை, மத்தளம் எல்லாம் முடிந்து அடியில் பொடி எழுத்தில் சுட்டி. கூலியும் அதே வரிசையில்தான் இறங்குகிறதாம். கொச்சியில் சுற்றுலாப் பயணிகளுக்கான மாலை ஆட்டங்களில் ஒப்பனை போடுவதையே காட்சியாக வைத்து டிக்கெட் விற்கிறார்கள். அப்படி ஓரிடத்தில் ஆசான் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார். ஆட்களைப் பிடித்துக்கொடுக்கும் ஏஜெண்டு தன் பங்கை எடுத்த பிறகு மிஞ்சியது பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்ததாம். வெள்ளைக்காரன் காசு கொடுப்பது இவர் விரலைப் பார்க்க. காசு போவது மாவில் விரலே வைக்காதவன் பைக்கு! இதைத் தரகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு ஆடியது நளசரிதத்தின் இரண்டாம் நாள் கதை. எழுதிய உண்ணாயி வாரியர் இதே கோவிலில் மாலை கட்டியவர் என்பார்கள். காட்டில் தமயந்தியைத் தூங்கவிட்டுப் பிரியும் இடத்தில் நளனின் இடது கன்னம் மட்டும் நடுங்கியது. பத்து வரிசைக்குப் பின்னால் இருந்த எனக்கே அது தெரிந்தது. நடிகரைப் பாராட்ட எல்லோரும் இருந்தார்கள். நான் அணியறைக்கு ஓடினேன். ஆசான் அடுத்த கதையின் ராவணனுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தார். நளனை ஒருநாள்கூட முழுசாகப் பார்த்ததில்லையாம்.

உற்சவக் கமிட்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேஷக்காரர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், சுட்டிக்காரர் பெயரையும் போடுங்கள். கூலியை நடுவில் ஆள் வைக்காமல் அவர் கையில் கொடுங்கள். கதகளி பார்க்கப் போகிறவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்கே போய், அனுமதி கேட்டு, அணியறை வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.