தயிர் ஏன் நூல் விடுது?

தயிர் கரண்டியோடு சவ்வு மாதிரி இழுத்துக்கிட்டு வந்தா "கெட்டுப்போச்சு"ன்னு கொட்டிடுறோம். அது என்ன நூல் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன்.

பாலைத் தயிராக்குவது லாக்டிக் அமில பாக்டீரியா. அதில் சில வகைகள் கொழகொழப்பான ஒரு பொருளைச் செய்து வெளியே விடும். அதுதான் பாலிசாக்கரைடு. குளுக்கோஸ், கேலக்டோஸ் போன்ற சின்னச் சர்க்கரைகளைப் பூ கட்டுவது போல வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலி. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர் காலத்தில் தயிர் மெதுவாக உறையும்போது இந்த வகைகளுக்குக் கொண்டாட்டம்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்க அம்மா கடைக்குத் தயிர் ஊத்துறாங்க. என் நோட்டு, பேனா எல்லாம் அந்தக் காசுதான். போன மார்கழியில் நாலு நாள் தயிர் நூல் விட்டு, கடைக்காரர் திருப்பிட்டார். அப்பத்தா கண்ணு பட்டதுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. டீச்சர் சொன்னபடி வேற வீட்டு உறை வாங்கி, பானையை வெந்நீர் ஊத்திக் கழுவி வெயிலில் காய வெச்சோம். தயிர் சரியாயிடுச்சு. அப்பத்தா மட்டும் மிளகாய்தான் வேலை செஞ்சுதுன்னு இன்னும் சொல்றாங்க!

அழுக்குத் தண்ணி, கழுவாத பாத்திரத்திலிருந்து வரும் வேற கிருமியும் பாலை நூல் விட வைக்கும். அதனால் கெட்ட நாத்தம் வந்தா கண்டிப்பா கொட்டிடணும்.

பின்லாந்து நாட்டில் 'வீலி' என்று ஒரு தயிர் இருக்கிறது. நூல் விடுவதுதான் அதற்கு அழகு! நாம கொட்டுவதை அங்கே காசு கொடுத்து வாங்குறாங்க. கொழுப்பு எடுத்த தயிர் தண்ணி பிரியாமல் கெட்டியாக இருக்கவும் இப்படிப்பட்ட பாக்டீரியாவை உறையாகச் சேர்க்கிறார்கள். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு இந்தச் சங்கிலி உணவாகுமா, நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமா என்றும் ஆராய்கிறார்கள். எலிகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது டெக்ஸ்ட்ரான். லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா சாதாரணச் சர்க்கரையிலிருந்து செய்வது. ரத்தம் நிறையப் போனவர்களுக்கு, ரத்தம் கிடைக்கும் வரை இதை நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள். அதே லூகோனாஸ்டாக்தான் நம்ம இட்லி மாவைப் பொங்க வைப்பதும்.