லயத்துப் பிள்ளைகளின் ஒப்புரவு

நம்பிக்கை என்பது பெருநிகழ்ச்சிகளால் மட்டும் பிறப்பதன்று. சட்டங்களும் ஒப்பந்தங்களும் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வையே திசைதிருப்பிவிடலாம். ஆயின் அவ்வாழ்வு வாழத் தக்கதே என்ற உறுதியை அன்றாடம் அளிப்பவை, பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாத சிறு செயல்களே. மலையகத் தோட்டங்களில் அத்தகைய செயல்களைத் தேடுவோர் அங்குள்ள பிள்ளைகளையே முதலில் நோக்குதல் வேண்டும்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகள். காலையில் தாய்மார் கூடையும் படங்குமாக மலையேற, பிள்ளைகள் பாடசாலையை நோக்கி இறங்குகின்றனர். பத்து வயது நிரம்பாத சிறுமி, தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மாவிடம் ஒப்படைத்த பின்னரே தன் புத்தகப் பையைத் தோளில் மாட்டுகிறாள். மழை கனக்கும்போது குடையுள்ளவன் இல்லாதவனையும் சேர்த்துக்கொள்கிறான். இருவருமே பாதி நனைகின்றனர். இடைவேளையில் ரொட்டிப் பொட்டலங்கள் விரிக்கப்படும் நேரத்தில், வெறுங்கையோடு வந்தவன் தண்ணீர் குடிப்பவன் போலப் பீலிப் பக்கம் நழுவுகிறான். "எனக்கு இன்னைக்குப் பசியில்லடா, பாதியை நீ தின்னு" என்று தோழன் அவனை அழைக்கிறான். பசியில்லை என்பது பொய். வாங்குபவன் தலைகுனியாதிருக்கச் சொல்லப்பட்ட பொய் அது. யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வகுத்த வள்ளுவர் இதனைக் குற்றமெனக் கொள்ளார்.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அதற்கு முன்னரே ஒப்புரவறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஈகை, உடையவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. அங்கே கொடுக்கும் கை மேலும் வாங்கும் கை கீழுமாக நிற்கும். ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடமையெனச் செய்வது. லயத்துப் பிள்ளைகளின் செயல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இன்று கொடுத்தவன் நாளை வாங்கவும் கூடும் என்பதை அப்பிள்ளைகள் அறிவர். ஆகவே அங்கே இரக்கமென்னும் உயர்வு மனப்பான்மைக்கு இடமில்லை.

இப்பண்பு யாண்டிருந்து வந்தது? பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த லயத்தில், ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டிற்கும் கேட்கும். சுவரும் பீலியும் பொதுவாகிய இடத்தில் துன்பமும் பொதுவாகிறது. வரலாறும் இம்மக்களுக்கு அதனையே கற்பித்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். உடன்பிறந்தோர் கடலின் இருகரையிலும் ஆயினர். எழுத்தறியாப் பாட்டிமாருக்கு அக்கரைக் கடிதங்களை வாசித்துக் காட்டியும், அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதியும் உதவியவர் பள்ளிப் பிள்ளைகளே. நாடற்றோர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. அரசுகள் தம் கடமையை முடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. பிள்ளைகளோ கேட்டவுடன் உதவினர்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இப்பண்பை மீண்டும் சோதித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. நாட்கூலியோ முந்திய ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபாய். கோதுமை மாவின் விலை ஏறியபோது தோட்டத்து ரொட்டி சிறுத்தது. சிறுத்த ரொட்டியைப் பகிர்வதற்கு, நிறைந்த பானையிலிருந்து அள்ளிக் கொடுப்பதினும் பெரிய உள்ளம் வேண்டும்.

எனினும் இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளைகளின் அன்பைப் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சியின் நிழலில் பெரியோர் தம் கடமையை மறைத்துக்கொள்வதும் எளிது. தம்பியைக் காலையில் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் சிறுமியின் பரிவு போற்றுதற்குரியது. ஆனால் அவன் நோயுற்ற நாளிலெல்லாம் அவளே வீட்டில் தங்கிப் பாடங்களை இழப்பாளாயின், அது பரிவு மட்டுமன்று. அவளிடமிருந்து கவரப்பட்ட கல்வியுமாகும். குடும்பத்தின் கடன் தீரவெனப் பன்னிரண்டு வயதில் கொழும்பு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியரையும் 'பொறுப்பான பிள்ளை' என்றே ஊரார் பாராட்டினர். பிள்ளை தானே விரும்பிப் பகிர்வது அறம். பகிர்ந்தாலன்றி வழியில்லை என்ற நிலையில் அவளை நிறுத்துவது சமுதாயத்தின் குற்றம்.

அங்ஙனமாயின் இச்சிறு செயல்களில் நம்பிக்கை கொள்வது வீணோ? அன்று. வறுமை மனிதனைத் தன்னலத்தில் மட்டுமே தள்ளும் என்ற வாதத்தை இப்பிள்ளைகள் ஒவ்வொரு நண்பகலிலும் பொய்யாக்குகின்றனர். நியாயமான சமுதாயத்திற்கு வேண்டிய மனப்பாங்கு எங்கிருந்தோ இறக்குமதி செய்யப்பட வேண்டியதன்று. அது தோட்டத்துப் பாடசாலையின் வாங்கில் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. போதிய ஆசிரியர், மதிய உணவு, ஒழுகாத கூரை, தம்பியைக் கவலையின்றி விட்டுச்செல்லத்தக்க காம்பரா ஆகியவற்றை அதற்கு அளிப்பதே கற்றோர் கடன். இவை கிட்டிய பின்னும் அப்பிள்ளைகள் ரொட்டியைப் பகிரவே செய்வர். அப்போது, பசியில்லை என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்ல வேண்டியிராது.