காற்றுக்குத் தலையாட்டும் ராக்கெட்

தீபாவளி ராக்கெட்டின் குச்சியை உடைத்துவிட்டுக் கொளுத்துகிற பயல் எல்லாத் தெருவிலும் ஒருத்தன் இருப்பான். ராக்கெட் நேரே எதிர்வீட்டு மாமாவின் வேட்டியை விசாரிக்கப் போகும். குச்சி சும்மா பாட்டிலில் நிற்க வைக்க மட்டும் இல்லை ஸார். காற்று தள்ளுகிற இடம், கனம் திரண்டிருக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கவேண்டும். இருந்தால், மூக்கு லேசாகத் திரும்பினாலும் காற்றே வாலைத் தட்டி நேராக்கிவிடும்.

மேல்வளியை ஆராய விடுகிற சின்ன ராக்கெட்டில் குச்சிக்குப் பதில் வாலில் இறக்கைகள். 1967 நவம்பர் 20-ல் கேரளத்துத் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ரோகிணியின் குறுக்களவு வெறும் 75 மில்லிமீட்டர். இந்த ஜாதிக்கு வழிகாட்டக் கம்ப்யூட்டர் கிடையாது. கிளம்பினால் கிளம்பியதுதான்.

"அப்போ இறக்கையைப் பெரிசா வெச்சுட்டா நேரா போயிடுமே?" என்றார் என் பக்கத்து மேஜை நண்பர். அங்கேதான் வில்லங்கம். பெரிய இறக்கை என்றால் காற்றுக்கு அதிகப் பணிவு. காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு, மருந்து எரிகிறவரை அந்தப் பக்கமே ஓடும். தும்பாவில் மேற்கே கடல், கிழக்கே ஊர். கடற்காற்று என்றால் கவலையில்லை. தரைக்காற்று அடித்தால் மூக்கு ஊர்ப்பக்கம் சாயும். கரையோரம் பூரா மீனவ கிராமங்கள்!

அதனால் முதலில் பலூன் விட்டுக் காற்றை அளக்கிறார்கள். தரைக்காற்று என்றால் லாஞ்சரைக் கடல் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்க்கிறார்கள். சரியாகப் போவதற்காக வேண்டுமென்றே தப்பாகக் குறிவைப்பது! அதிலும் தரையை ஒட்டிய காற்றுக்குத்தான் மார்க் அதிகம். வேகம் பிடிக்காத முதல் விநாடிகளில்தான் ராக்கெட் சுலபமாகத் திரும்பும். சைக்கிள் கேரியரில் ராக்கெட் மூக்கை வைத்துத் தள்ளிப்போகும் அந்தப் பழைய தும்பா போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலூன்காரரை யாரும் கொண்டாடவில்லையே என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

இன்னொரு உபாயம், சுழற்சி. இறக்கையைத் துளி கோணலாகப் பொருத்தினால் ராக்கெட் பம்பரமாகச் சுற்றும். உந்துதல் ஒருபக்கம் பிசகினாலும் சுற்றச்சுற்றச் சமமாகும். ஆனால் சுற்றும் வேகமும் ராக்கெட் இயல்பாகத் தலையாட்டும் வேகமும் ஒத்துப்போனால் தொலைந்தது. ஊஞ்சலைத் தாளத்தோடு தள்ளுகிற மாதிரி ஆட்டம் வளர்ந்து ராக்கெட்டே முறியலாம். அந்த வேகத்தில் தங்காமல் சட்டென்று தாண்டிவிட வேண்டும்.

காற்றில்லாத உயரத்தில் இறக்கை வெறும் சுமை, சுழற்சிதான் துணை. உள்ளே டெலஸ்கோப் இருந்தாலோ சுற்றவே கூடாது. உடம்பில் சுற்றிய இரண்டு கம்பிகளின் நுனியில் எடைகளைக் கட்டி அவிழ்த்துவிடுவார்கள். அவை சுழற்சியை வாங்கிக்கொண்டு பறந்துவிடும். அப்புறம் புஸ்... புஸ்... என்று வாயுவைப் பீய்ச்சி நட்சத்திரத்தைத் தேட வேண்டும். கையில் இருப்பது சில நிமிஷம்தான்.