அப்பா எழுதிய நான்கெல்லை

கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தானாகப் பழைய தாலுகா ஆபீஸ் பக்கம் திரும்பிவிட்டது. சிங்கப்பூர் போய் 32 வருஷம்.

அப்பா அங்கே மனு எழுதிக் கொடுத்தவர். வேப்பமரத்தடியில் தகரப்பெட்டி, அதன்மேல் அட்டை, கார்பன் தாள், மைப்பெட்டி. கல்வராயன் மலைக்காரர்கள்தான் அவரைத் தேடி அதிகம் வருவார்கள். கச்சிராயபாளையம் வரை நடை, அப்புறம் பஸ். எழுதுகூலிக்குக் காசில்லாதவர்கள் கடுக்காய் கொடுப்பார்கள், சிலர் தேன்.

"எந்த ஜாகீர்?" என்றுதான் அப்பா பேச்சைத் தொடங்குவார். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. 1948-லேயே ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தும், அந்த ஜாகீர்களை அரசு எடுத்துக்கொள்ள 1976 ஆகிவிட்டது. பாட்டன் காலத்திலிருந்து உழுதவர் கையிலும் பட்டா இல்லை. பட்டா இல்லாதவரிடம் சர்வே நம்பருக்கு எங்கே போவது? அப்பா பொறுமையாகக் கேட்டு நான்கெல்லை எழுதுவார்: வடக்கே ஓடை, கிழக்கே இரட்டைப் பலா, தெற்கே யானைப்பாறை என்று போகும். கைநாட்டு வைக்கும்போது அந்தக் காய்த்த பெருவிரலைத் தானே பிடித்து மெதுவாக உருட்டுவார். ரேகை கலங்கினால் மனசு ஆறாது. இன்னொரு தாள் எடுப்பார்.

அன்று கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போகவேண்டும். 1993-க்குப் பிறகு விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டம். மலைக்கும் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனித் தாலுகா வந்துவிட்டது. அப்பா பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் மலை ஏறினேன். கரியாலூர் தாண்டி ஒரு டீக்கடையில் வயதான அம்மா ஒருவர் என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, "சாமி, இதக் கொஞ்சம் எழுதித் தாயேன்" என்று மஞ்சள் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். கிராம சபையில் கொடுக்க வேண்டிய வன உரிமை மனு. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தின் விதிகள், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கினால் ஆதாரமாக ஏற்கின்றன. அப்பா இருபது வருஷம் எழுதியது அதைத்தானே!

"நிலம் எங்கம்மா இருக்கு?"

"ஓடைக்கு இந்தாண்ட. மேக்கால பலா நிக்குது. எங்க மாமனார் வச்சது."

பெஞ்சைத் துடைத்துவிட்டுத் தாளை விரித்தேன். வடக்கே ஓடை என்று ஆரம்பித்தேன்.